வெனெத்தோச் சமவெளியும் துவிச்சக்கர வண்டியும்

துவிச்சக்கர வண்டிச் செலவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மலைகளையே புகழ்வர். அல்ப்ஸ் மலைக் கணவாய்களும் பிரெனீஸ் மலைச் சரிவுகளுமே ஓட்டவீரரின் வலிமையைச் சோதிக்கும் களங்களாகப் பேசப்படுகின்றன. சமவெளியோ, ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லுகையிற் கடந்துவிட வேண்டிய வெறும் இடைவெளியாகவே கருதப்படுகின்றது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத நிலத்திற் காண்பதற்கு யாது உளது என்று கேட்பாரும் உளர்.

இக்கேள்விக்குத் தக்க விடை தரும் நிலம் ஒன்று இத்தாலியின் வடகிழக்கில் உண்டு. வடக்கே அல்ப்ஸ் மலையடிவாரமும் தென்கிழக்கே அத்திரியாத்திக் கடலும் எல்லையாகக் கிடக்கும் அந்நிலம் வெனெத்தோச் சமவெளி எனப்படும். வெனிஸ், பாதுவா, விச்சென்சா, திரெவீசோ ஆகிய நகரங்கள் அதன்கண் உள்ளன. அந்நகரங்களுக்கு இடையே, வயல்களின் நடுவே, மதில் சூழ்ந்த பழைய ஊர்களும் வில்லாக்களும் காணப்படுகின்றன. வில்லா என்பது நிலவுடைமையாளர் நாட்டுப்புறத்தில் தம் நிலத்தின் நடுவே கட்டிய மாளிகை. வெனெத்தோவிலும் அதனை அடுத்த பிரியூலியிலும் இத்தகைய வில்லாக்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன.

இவற்றைத் தனித்தனி அழகுப் பொருள்களாகக் கண்டு செல்லுதல் எளிது. ஆனால், அவ்வாறு காண்போர் பாதியே காண்பர். வீதி நேராக ஓடுவதற்கும், வாய்க்கால் அதன் அருகே செல்வதற்கும், வில்லா குறித்த ஓரிடத்தில் நிற்பதற்கும், அதன் பக்கத்தே நீண்ட களஞ்சியம் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. இச்சமவெளி இயற்கை ஆயத்தமாகத் தந்த தளம் அன்று. இருபது நூற்றாண்டுகளாக மனிதர் நீரை அடக்கியும் அழைத்தும் ஆக்கிக்கொண்ட நிலம். இதனை உணர்தற்குத் துவிச்சக்கர வண்டியைப் போன்ற கருவி வேறில்லை. அவ்வாறு உணருமிடத்து, மாளிகையின் அழகோடு அதற்கு விலை கொடுத்தோரின் வரலாறும் உடன் தோன்றும்.

நிலத்தின் இயல்பு

வெனெத்தோச் சமவெளியை ஆக்கியவை ஆறுகள். ஆதிஜே, பிரெந்தா, பியாவே முதலிய ஆறுகள் மலையிலிருந்து பரற்கற்களையும் மணலையும் சேற்றையும் கொணர்ந்து கடலோரத் தாழ்நிலத்தை நிரப்பின. பாரமான பரற்கற்கள் மலையடியிலேயே தங்கின. நுண்ணிய சேறு கடலை நோக்கிச் சென்றது. இதனாற் சமவெளி இரு பகுதிகளாயிற்று. மேற்பகுதியிலே நிலம் பரற்கல் நிறைந்தது. மழைநீரும் ஆற்றுநீரும் அதனுள் விரைந்து இறங்கிவிடும். கீழ்ப்பகுதியிலே களிமண் நீரைத் தடுப்பதால், மேலே மறைந்த நீர் ஊற்றாக வெளிப்படும். திரெவீசோ நகரின் ஊடாகச் செல்லும் சீலே ஆறு மலையிற் பிறந்த ஆறு அன்று. வெதெலாகோ என்னும் ஊரின் அருகே இத்தகைய ஊற்றுக்களிற் பிறக்கின்றது.

ஆகவே, கண்ணுக்கு ஒரே தட்டையாகத் தோன்றும் இந்நிலத்தில் உழவர்க்கு இருவகை இடர்கள் இருந்தன. மேலே நீர் போதாது. கீழே நீர் மிகுதி. மேட்டு நிலத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். தாழ்நிலத்துக்கு வடிகாலும் கரையும் அமைக்க வேண்டும். வண்டியிற் செல்வோர் பரற்கல் நிலத்தைக் கடந்து களிமண் நிலத்தை அடையும்போது, வீதியோர வாய்க்கால்கள் அகன்று ஆழமாவதையும், ஆறுகள் வயலினும் உயர்ந்த கரைகளுக்கு இடையே ஓடுவதையும் காணலாம். அக்கரைகளின்மீது செல்லும் ஒடுங்கிய பாதைகளே இன்று வண்டியோட்டிகள் பெரிதும் விரும்பும் வழிகள். ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஆற்றினும் தாழ்ந்த வயல், இடையே கரை. அக்கரை இல்லையேல் அவ்வூர்களும் இல்லை.

சமநிலத்திற் செல்லும் முறை

சமநிலத்தில் வண்டி ஓட்டுதல் எளிது என்பது முழு உண்மை அன்று. மலையில் ஓட்டுவோர் தம் உடற்பாரத்தோடு போராடுகின்றனர்; சமநிலத்தில் ஓட்டுவோர் காற்றோடு போராடுகின்றனர். வேகம் இருமடங்காகுமாயின், காற்றை வெல்லுதற்கு வேண்டும் வலு எண்மடங்காகும். இதனாலேயே வல்லுநரும் சமவெளியில் ஒருவர்பின் ஒருவராக நெருங்கிச் செல்வர். முன்னே செல்பவர் காற்றைப் பிளக்க, பின்னே வருபவர் தம் உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மீதப்படுத்தலாம். முன்னே செல்லும் கடமையை முறைவைத்து மாற்றிக்கொள்ளுதல் மரபு.

விரைவை நாடாதோர்க்கு இந்நிலம் மற்றொரு நன்மை தருகின்றது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்வோர்க்கு மூச்சு வாங்குவதில்லை. கண்ணும் செவியும் ஓய்வாக இருக்கும். மோட்டார் வண்டியிற் செல்வோர்க்கு வயலும் வாய்க்காலும் கலங்கிய கோடுகளாக ஓடிவிடும். நடந்து செல்வோர் ஒருநாளில் இரண்டு மூன்று ஊர்களுக்கு மேற் காணல் அரிது. துவிச்சக்கர வண்டியோ ஒருநாளில் ஆறு, வாய்க்கால், ஊர், வில்லா அனைத்தையும் ஒரே தொடராகக் காட்டிவிடும்.

இந்நிலத்துக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உள்ள உறவு பழையது. வேகமாற்றுப் பொறி செம்மையுறாத காலத்தில், ஏற்றத்துக்கு ஏற்பப் பற்சக்கரத்தை மாற்றவேண்டின், ஓட்டவீரர் இறங்கிப் பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டியிருந்தது. விச்சென்சாவைச் சேர்ந்த துல்லியோ கம்பனியோலோ என்பவர் 1927 ஆம் ஆண்டு நவம்பரிலே, குரோசே டவுனே என்னும் கணவாயில் நடந்த பந்தயத்தின்போது, குளிரில் விறைத்த விரல்களால் சில்லின் மரைகளைத் தளர்த்த இயலாது இடருற்றார் என்று கூறுவர். ஒரு சிறு நெம்பினைத் திருப்பிய அளவிற் சில்லைக் கழற்றும் பொறி அவர் எண்ணத்திற் பிறந்தது. 1933 இல் அவர் விச்சென்சாவில் நிறுவிய தொழிற்சாலை, பந்தய வண்டிகளின் உறுப்புக்களுக்கு உலகப்புகழ் பெற்றது. இன்று எண்ணற்ற வண்டிகளிற் காணப்படும் அச்சிறு நெம்பு, இச்சமவெளி மகனொருவர் மலையிற் பட்ட துன்பத்தின் பயனாகும்.

உரோமர் இட்ட கட்டங்கள்

பாதுவாவிலிருந்து வடக்கு நோக்கிக் காம்போசாம்பியேரோ என்னும் ஊரை நாடிச் செல்வோர் விரைவில் ஒரு புதுமையை உணர்வர். வீதிகள் வளையாமல் நேராகச் செல்லும். ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு வீதி செங்கோணத்திற் குறுக்கிடும். மேலிருந்து நோக்கின் அந்நிலம் சதுரங்கப் பலகை போலத் தோன்றும். இக்கட்டங்களை இட்டவர் உரோமர். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டளவிலே, குடியேறியோர்க்கு நிலம் பகிர்ந்தளிக்கும்பொருட்டு, அவர்தம் நில அளவையாளர் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 710 மீற்றர் நீளமுள்ள சதுரங்களாக நிலத்தை வகுத்தனர். ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ 50 ஹெக்டயர் பரப்புடையது.

இது வெறும் எல்லைப் பிரிப்பு அன்று. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் வாய்க்கால் வெட்டப்பட்டது. நிலத்தின் மெல்லிய சாய்வை அறிந்து நீர் வடியும் திசையில் அக்கோடுகள் அமைக்கப்பட்டன. உரோமப் பேரரசு வீழ்ந்தது; அதன் சட்டமும் படையும் மறைந்தன. வாய்க்காலும் வீதியும் மறையவில்லை. நீர் வடியாவிடிற் பயிர் அழியுமாதலின், ஆண்டுதோறும் யாரோ ஓர் உழவர் அவ்வாய்க்காலைத் தூர்வாரி வந்தனர். அரசர் கட்டிய வெற்றித் தூண்களினும் உழவர் தூர்வாரிய வாய்க்கால் நெடிது வாழ்ந்தது எனலாம்.

மதில் சூழ்ந்த இரண்டு ஊர்கள்

இக்கட்டங்களுக்கு வடமேற்கே காஸ்தெல்பிராங்கோ, சித்தாதெல்லா என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டும் நடுக்காலத்தில் போர்க்காவலுக்காகக் கட்டப்பட்டவை. 12 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திரெவீசோ நகரத்தார் தம் எல்லையைக் காக்கும்பொருட்டுக் காஸ்தெல்பிராங்கோவைச் செங்கல் மதிலுடன் நாற்கோணமாக அமைத்தனர். அதற்கு விடை கூறுவார் போல, 1220 இல் பாதுவா நகரத்தார் சித்தாதெல்லாவை வட்டத்தை ஒத்த மதிலுடன் கட்டினர். சித்தாதெல்லாவின் மதில்மீது இன்றும் ஊரை முற்றாகச் சுற்றி நடந்து வரலாம்.

ஒன்றையொன்று அஞ்சி எழுந்த இவ்விரு கோட்டைகளுக்கும் இடைப்பட்ட தூரம் துவிச்சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்துக்குட் கடக்கக்கூடியது. மலையோ காடோ இடையில் இல்லாத நிலத்தில், அயலூரே பகையூராகும் என்பதற்கு இம்மதில்கள் சான்று. 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் இரு பகுதிகளும் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்டுவிட்டன. அதன்பின், காவற்கோட்டையின்றித் திறந்த வயலில் மாளிகை கட்டி வாழ்தல் இயல்வதாயிற்று. மதிலின் காலம் முடிந்த இடத்திலேயே வில்லாவின் காலம் தொடங்கியது.

கடலிலிருந்து நிலத்துக்கு

வெனிஸ் கடல்வாணிகத்தால் வாழ்ந்த நகரம். இந்தியக் கரையின் மிளகும் இலங்கையின் கறுவாவும் அராபிய வணிகர் கைப்பட்டு அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1453 இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் துருக்கியர் கைப்பட்டது. 1498 இல் வாஸ்கோ ட காமா ஆபிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டையை அடைந்தார்; 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். வெனிஸ் நகரின் மிளகு வாணிகம் இதனால் உடனே அழிந்துவிடவில்லை. 16 ஆம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் ஓரளவு தழைத்தது. எனினும், கடலை மட்டும் நம்பி வாழ்தல் இனி ஆகாது என்பதை அந்நகரத்துப் பிரபுக்கள் உணர்ந்தனர். நகரின் மக்கள்தொகை பெருகியமையால் தானியத்தின் தேவையும் மிகுந்தது. கப்பலில் இட்ட முதலை நிலத்தில் இடத் தொடங்கினர்.

நிலமோ பெரும்பகுதி சதுப்பாகவும் வறண்ட பரற்கல்லாகவும் கிடந்தது. பாதுவாவில் வாழ்ந்த அல்விசே கொர்னாரோ என்பவர், சதுப்பை வடித்து உழுதல் அறமும் செல்வமும் ஒருங்கே தரும் தொழில் என்று வலியுறுத்தித் தாமே அவ்வாறு செய்தும் காட்டினார். 1556 இல் வெனிஸ் அரசு, தரிசு நிலங்களை மேற்பார்வை செய்வதற்கெனத் தனி அதிகாரிகளை நியமித்தது. வாய்க்கால் வெட்டவும் நீர் எடுக்கவும் விரும்புவோர் அவர்களிடம் விண்ணப்பித்து, அளவையாளர் வரைந்த படத்துடன் அனுமதி பெறல் வேண்டும். வில்லாக்கள் பல எழுந்தது இச்சூழ்நிலையிலேயே.

பல்லாடியோ கண்ட பண்ணை வீடு

இக்காலத்தின் தேவைக்குத் தக்க வடிவம் தந்தவர் அந்திரேயா பல்லாடியோ. இவர் 1508 இல் பாதுவாவிலே, மா அரைக்கும் ஆலைத் தொழில் செய்தவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிற் கல் செதுக்கும் தொழில் பயின்றார். விச்சென்சாவின் அறிஞர் திரிஸ்சினோ இவரது திறமை கண்டு ஆதரித்து, பல்லாடியோ என்னும் பெயரையும் சூட்டினார். 1570 இல் இவர் வெளியிட்ட கட்டடக்கலை பற்றிய நான்கு நூல்கள் பல நாடுகளிற் பரவின. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோமஸ் ஜெபர்சன் கட்டிய இல்லத்திலும் இவருடைய முறை காணப்படும். 1580 இல் இவர் மறைந்தார். விச்சென்சா நகரும் இவருடைய கட்டடங்களும் 1994 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 1996 இல் அது விரிவுபடுத்தப்பட்டு, இன்று வெனெத்தோவின் 24 வில்லாக்கள் அதில் அடங்குகின்றன.

காஸ்தெல்பிராங்கோவுக்கு வடகிழக்கே பன்சோலோ என்னும் சிற்றூரில் உள்ள எமோ வில்லா இவரது எண்ணத்தைத் தெளிவாகக் காட்டும். நடுவே தூண்களும் முக்கோண முகப்பும் உடைய வீடு. அதன் இருபுறமும் நீண்ட தாழ்வாரங்கள். இரு முனைகளிலும் புறாக்கூட்டு மாடங்கள். இத்தாழ்வாரங்கள் அணிக்காக அமைந்தவை அல்ல. தானியமும் கருவிகளும் வைக்கவும், கால்நடை கட்டவும், உழவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவும் அவை பயன்பட்டன. பிற நாடுகளில் மாளிகைக்குப் பின்னால் மறைக்கப்பட்ட களஞ்சியத்தைப் பல்லாடியோ முன்னே கொணர்ந்து மாளிகையின் சிறகுகளாக்கினார். உடைமையாளர் மழையில் நனையாது தம் பண்ணை முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம்.

கட்டுமானப் பொருளும் எளியது. பளிங்கெனத் தோன்றுவது பெரும்பாலும் செங்கல்லே. அதன்மேற் சுண்ணச் சாந்து மெழுகிக் கல்லின் தோற்றம் தரப்பட்டது. தூண்களும் செங்கல்லாற் கட்டியவையே. சமவெளியிலே கல் அரிது, களிமண் மிகுதி. நிலம் தந்ததைக் கொண்டே நிலத்தின் நடுவே கட்டினார்.

எமோ வில்லாவின் நேர்முகத்தே நெடுந்தூரம் செல்லும் மரவரிசைப் பாதை உரோமரின் பழைய நிலவகுப்புக் கோடுகளின் திசையிலேயே செல்கின்றது. அவ்வூர் வறண்ட மேற்சமவெளியைச் சேர்ந்தது. 15 ஆம் நூற்றாண்டிற் பியாவே ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட பிரெந்தெல்லா என்னும் வாய்க்காலே அந்நிலத்துக்கு உயிர் தந்தது. உரோமரின் கோடு, வெனிஸ் அரசின் வாய்க்கால், பல்லாடியோவின் களஞ்சியம் என மூன்று காலத்தின் உழைப்பு ஒரே வயலிற் கூடியிருக்கின்றது.

அங்கிருந்து வடக்கே, மலையடியில், மாசேர் என்னும் ஊரில் பார்பரோ வில்லா உண்டு. பாவோலோ வெரொனேசே என்னும் ஓவியர் அதன் சுவர்களில் தீட்டிய ஓவியங்களைக் காணப் பலர் செல்வர். அவ்வோவியங்களைப் போலவே போற்றத்தக்கது அங்கு நீர் ஆளப்படும் முறை. பின்புறக் குன்றில் ஊறும் நீர் சிற்பங்கள் சூழ்ந்த தடாகத்தில் விழுந்து, பின்னர்ச் சமையற்கூடத்துக்குச் சென்று, தோட்டங்களை நனைத்து, வீதியோரத்து மீன்குளங்களை நிரப்பி, ஈற்றிற் பழத்தோட்டத்தை அடையுமாறு வகுத்ததைப் பல்லாடியோ தம் நூலில் விளக்குகின்றார். ஒரே நீர் கண்ணுக்கும் வயிற்றுக்கும் பயிருக்கும் முறையே பயன்பட்டது.

இதற்கு மாறானது விச்சென்சாவின் புறத்தே மேடொன்றில் நிற்கும் ரொத்தோந்தா. நாற்புறமும் ஒத்த முகப்பும் நடுவே குவிமாடமும் கொண்ட அது, பல்லாடியோவின் கட்டடங்களுள் மிகுந்த புகழ் பெற்றது. ஆனால் அவர் தம் நூலில் அதனைப் பண்ணை வில்லாக்களோடு சேர்க்கவில்லை. நகர மாளிகைகளோடு சேர்த்துள்ளார். களஞ்சியம் இல்லாததை அவர் வில்லாவாக எண்ணவில்லை போலும்.

பிரெந்தாக் கரையின் இன்ப மாளிகைகள்

பாதுவாவிலிருந்து கிழக்கே வெனிஸ் காயல் வரை ஏறத்தாழ 35 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிரெந்தாக் கால்வாய் செல்கின்றது. முன்னர் இஃது ஆறாகவே இருந்தது. ஆறு கொணரும் மண் காயலைத் தூர்த்துவிடும் என அஞ்சிய வெனிஸ் அரசு, பல நூற்றாண்டுகளாக முயன்று ஆற்றின் பெருநீரைத் தெற்கே திருப்பிவிட்டது. எஞ்சிய பழைய ஆற்றுப்படுகை, நீர்க்கதவுகளாற் படிப்படியாக நீர்மட்டம் காக்கப்படும் அமைதியான கால்வாயாயிற்று. குதிரைகள் கரையிலிருந்து இழுக்க, பயணப் படகுகள் அதிற் சென்றன. அக்குதிரைகள் நடந்த கரைவழியை ஒட்டி இன்று துவிச்சக்கர வண்டிகள் செல்கின்றன.

இக்கரையிலே வில்லாவின் இயல்பு மாறிய கதையைக் காணலாம். காயலை அடுத்து மல்கொந்தெந்தாவில் நிற்கும் பொஸ்காரி வில்லாவைப் பல்லாடியோ 1560 ஆம் ஆண்டளவில் அமைத்தார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் கால்வாயின் இருமருங்கும் மாளிகைகள் நிறைந்தன. அவற்றுட் பலவற்றின் நோக்கம் உழவன்று. கோடைக்கால இன்ப வாழ்வே. ஸ்திரா என்னும் ஊரில் பிசானிக் குடும்பத்தார் 18 ஆம் நூற்றாண்டிற் கட்டிய மாளிகை அரண்மனைக்கு நிகரானது. அதன் பெருமண்டப மேற்றளத்தில் தியேபொலோ 1760-62 இல் ஓவியம் தீட்டினார். 1797 இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனால் முடிவுற்றது. 1807 இல் இம்மாளிகையையும் நெப்போலியன் விலைக்கு வாங்கினார். 1934 ஜூனில் இற்லரும் முசோலினியும் முதன்முதற் சந்தித்தது இங்கேயாம். பயிருக்காக எழுந்த வடிவம் பகட்டுக்காகி, பகட்டு அதிகாரத்தின் மேடையாயிற்று.

மாளிகைகள் நிலையானவை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2015 ஜூலை 8 ஆம் நாள் இக்கரையில் வீசிய சுழற்காற்று, டோலோவில் இருந்த பீனி வில்லாவைச் சில நிமிடத்தில் இடிபாடாக்கியது.

உழைத்தோர் நிலை

வில்லாக்களின் தாழ்வாரத்தில் நிறைந்த தானியத்தை விளைத்தோர் யாவர்? அவர் எதை உண்டனர்? இவ்வினாவை எழுப்பாது இச்சமவெளியின் வரலாறு முற்றுப்பெறாது.

16 ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்து வந்த சோளம் வெனெத்தோவிற் பயிராயிற்று. கோதுமையினும் மிகுந்த விளைவு தந்தமையால், கோதுமை உடைமையாளரின் பங்காகவும் சந்தைப் பொருளாகவும் செல்ல, சோளம் உழவரின் உணவாயிற்று. சோளமாவைக் கிண்டிச் செய்யும் பொலெந்தா என்னும் களியே ஏழைகளுக்கு மூவேளை உணவு. நாளடைவில் தோல் வெடித்து, வயிறு கெட்டு, ஈற்றிற் சித்தமும் பேதலிக்கும் ஒரு நோய் அவர்களிடையே பரவியது. 1771 இல் மருத்துவர் பிராப்போலி அதற்குப் பெலாக்ரா, அதாவது கரடான தோல், என்று மக்கள் வழங்கிய பெயரையே இட்டார். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் அதிகமாக அந்நோயால் வருந்திய பகுதிகளுள் வெனெத்தோ ஒன்று. திரெவீசோவுக்குத் தெற்கே மொலியானோவில் அந்நோயாளர்க்கெனவே ஒரு மருத்துவமனை 1883 இல் ஏற்பட்டது.

காரணம் பின்னரே விளங்கிற்று. சோளத்தில் உள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடல் ஏற்க இயலாதவாறு கட்டுண்டு கிடக்கின்றது. அமெரிக்க ஆதிக்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ அவித்தே உண்டனர். அதனால் அச்சத்து விடுபட்டது. ஐரோப்பியர் பயிரைக் கொணர்ந்தனர். அதனைச் சமைக்கும் அறிவைக் கொணரவில்லை. 1937 இல் எல்வெயெம் என்னும் அமெரிக்க அறிஞர், இந்நோயை ஒத்த நாய்களின் நோய் நிக்கொட்டினிக் அமிலத்தாற் குணமாவதைக் காட்டியபின் உண்மை நிலைபெற்றது. பாலும் இறைச்சியும் பருப்பும் உண்டோரை இந்நோய் அணுகவில்லை. ஆகவே இது வெறும் உடல்நோய் அன்று, வறுமையின் நோய்.

வறுமை மக்களை வெளியேற்றியது. 1876 முதல் 1900 வரை இத்தாலியின் எப்பகுதியினும் வெனெத்தோவிலிருந்தே மிகுதியானோர் பிறநாடு சென்றனர். அவர் தொகை ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டது. பலர் பிரேசிலிற் குடியேறினர். திரெவீசோப் பகுதியில் 1894 இல் ஏழைக் குடும்பத்திற் பிறந்த ஒத்தாவியோ பொத்தெக்கியா கொத்துவேலையும் வண்டிவேலையும் செய்து, தொழில் தேடிப் பிரான்சுக்குச் சென்றவர். துவிச்சக்கர வண்டி அவரது வாழ்வை மாற்றியது. 1924 இல் பிரான்சைச் சுற்றும் பெரும் பந்தயத்தை வென்ற முதல் இத்தாலியர் அவரே. 1925 இலும் மீண்டும் வென்றார். பல்லாடியோவும் பொத்தெக்கியாவும் கல்லும் சாந்தும் எடுத்த கைகளை உடையோர் என்பது நினைக்கத்தக்கது.

திரெவீசோவுக்கு மேற்கே உள்ள படோயேரே என்னும் ஊர் இவ்வரலாற்றை ஒரு முற்றத்திற் காட்டுகின்றது. அங்குப் படோயேர்க் குடும்பத்தாரின் வில்லாவும், அதனெதிரே சந்தைக்கென வளைவாகக் கட்டப்பட்ட தூண்வரிசைத் தாழ்வாரங்களும் இருந்தன. தாழ்வாரங்களிற் கடைகளும் தொழிலாளர் வீடுகளும் அமைந்தன. 1920 இல் உழவர் கிளர்ச்சியின்போது வில்லா தீக்கிரையாகி, பின்னர் முற்றாக அழிந்தது. வளைந்த தாழ்வாரங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே சந்தை கூடுகின்றது. ஆண்டவர் இருந்த இல்லம் போயிற்று. ஊரார் கூடிய இடம் நின்றது.

இன்றைய வழியும் இன்றைய இடரும்

படோயேரேயின் அருகே செல்லும் வழி மற்றொரு மாற்றத்தைக் காட்டும். திரெவீசோவிலிருந்து ஒஸ்தீலியா வரை படைப்போக்குவரத்துக்கென இடப்பட்ட புகையிரதப் பாதை 1941 இல் முழுமையுற்றது. இரண்டாம் உலகப்போரிற் குண்டுவீச்சாற் சிதைந்து, பின்னர்ப் படிப்படியாகக் கைவிடப்பட்டது. தண்டவாளம் அகன்ற அத்தடத்தின் பெரும்பகுதி இன்று மரநிழல் செறிந்த துவிச்சக்கர வண்டிப் பாதையாக விளங்குகின்றது. போருக்கென நேராக இட்ட வழி, குழந்தைகளும் முதியோரும் அஞ்சாது செல்லும் வழியாயிற்று.

செல்வோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டெம்பரும் ஏற்ற காலம். நடுக்கோடையில் வெப்பமும் புழுக்கமும் மிகும். மாரிக்காலத்தில் அடர்ந்த மூடுபனி கண்ணை மறைக்கும். பாரவண்டிகள் செல்லும் பெருவீதிகளை விடுத்து ஆற்றங்கரைப் பாதைகளையும் சிறுவீதிகளையும் தேர்தல் வேண்டும். வில்லாக்கள் பல இன்றும் தனியார் இல்லங்களாதலின், திறந்திருக்கும் நாளை முன்னரே அறிந்து செல்லுதல் தகும். பிராந்தியப் புகையிரதங்கள் பலவற்றில் வண்டியையும் ஏற்றிச் செல்லலாமாதலின், ஒருவழி ஓட்டி மறுவழி புகையிரதத்தில் மீளலாம்.

இச்சமவெளிக்கு இன்று நேர்ந்துள்ள இடர் வெள்ளமும் பஞ்சமும் மட்டும் அன்று. கடந்த எழுபது ஆண்டுகளிலே வறுமை நீங்கிற்று. மக்கள் வெளியேறிய நிலத்துக்குப் பிற நாட்டார் தொழில் தேடி வருகின்றனர். அவ்வளர்ச்சியோடு தொழிற்கூடங்களும் பண்டகசாலைகளும் பெருவீதிகளும் வயல்களை விழுங்கின. கட்டடத்தால் மூடப்பட்ட நிலத்தின் பங்கு மிகுந்த இத்தாலியப் பகுதிகளுள் வெனெத்தோவும் முன்னணியில் நிற்கின்றது. மூடிய நிலத்தில் மழை இறங்குவதில்லை. பழைய வாய்க்கால்கள் அந்நீர் முழுவதையும் தாங்குவதில்லை. வில்லாவைச் சட்டம் காக்கின்றது. ஆனால் வில்லாவுக்குப் பொருள் தந்த வயல் போய்விடின், எஞ்சுவது பண்டகசாலைகளின் நடுவே நிற்கும் அழகிய வெற்றுவீடே.

ஆதலின், இச்சமவெளியைக் காணச் செல்வோர் தூண்களை மட்டும் நோக்காது களஞ்சியத்தையும், களஞ்சியத்தை மட்டும் நோக்காது வாய்க்காலையும், வாய்க்காலை நோக்குங்கால் அதனைத் தூர்வாரிய கைகளையும் நினைத்தல் வேண்டும். நிலத்தை அழகுசெய்தோர் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. நிலத்தை நிலமாக்கியோர் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்தம் கையெழுத்து நேராக ஓடும் வீதியிலும் கரை தவறாது செல்லும் நீரிலும் உள்ளது. அதனை வாசிப்பதற்கு ஏற்ற வேகம் துவிச்சக்கர வண்டியின் வேகமாம்.